ஜெர்க்கின்னா ஓகே, உப்புக்கண்டம்னா உவ்வேவா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஹெட்போன் மாட்டிக்கிட்டு மெட்ரோல நின்னுக்கிட்டே கேட்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த எபிசோட் முடியும்போது உங்களுக்குப் பசிக்கும். மாட்டுக்கறி சாப்பிடாதவங்களும் தாராளமா இருங்க. சமையல் பாதிதான், மீதி வேற கதை.

கதை எங்க ஆபீஸ் பேன்ட்ரியில ஆரம்பிக்குது. டீம்ல ஒருத்தர் அமெரிக்கா போயிட்டு வந்தார். சாக்லேட்டோட ரெண்டு பாக்கெட் பீஃப் ஜெர்க்கியும் கொண்டு வந்தார். ஒண்ணு டெரியாக்கி, இன்னொண்ணு மிளகு. பத்து நிமிஷத்துல ரெண்டும் காலி. "செம புரோட்டீன் ஸ்நாக்", "ஜிம்முக்கு எடுத்துட்டுப் போலாம்", "ஆன்லைன்ல என்ன விலை?" இப்படியே பேச்சு. எனக்கும் ஒரு துண்டு கிடைச்சது. வாயில போட்டு மென்னதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். அந்த இனிப்பை எடுத்துட்டா, இந்த ருசி எனக்கு நல்லாத் தெரியும்.

நான் சும்மா இருக்கலாம்தானே? இருக்கல. "எங்க ஊர்ல இதுக்கு உப்புக்கண்டம்னு பேரு. எங்க ஆயா மாட்டுக்கறியில பண்ணுவாங்க. கயித்துல கோத்து வெயில்ல காய வெப்பாங்க"ன்னு சொன்னேன். ஒரு பொண்ணு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "உவ்வே, மொட்டை மாடியில தொங்க விடுவீங்களா?"ன்னு கேட்டா. அவ கையில அப்பவும் பாதி ஜெர்க்கி இருந்தது.

அவ மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ரெண்டும் ஒரே மாட்டுக்கறி, ரெண்டும் உப்புப் போட்டுக் காய வெச்சது. ஒண்ணு ஸ்நாக், இன்னொண்ணு உவ்வே. சரி, இதை நானே வீட்ல பண்ணிப் பார்த்துடறதுன்னு முடிவு பண்ணேன்.

பேர் எங்கிருந்து வந்தது?

முதல்ல கொஞ்சம் ஊர் சுத்திட்டு வந்துடுவோம். ஜெர்க்கி என்ற சொல்லே ஆங்கிலச் சொல் கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மொழி பேசுகிற மக்கள் லாமா கறியை உப்புப் போட்டு, பகலில் வெயிலிலும் இரவில் உறைபனியிலும் வைத்துக் காய வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சார்க்கி'. ஸ்பெயின்காரர்கள் வாயில் புகுந்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போய் 'ஜெர்க்கி' ஆனது.

தென்னாப்பிரிக்காவில் இதே வேலைக்குப் பில்டாங் என்று பெயர். வினிகரும் வறுத்த கொத்தமல்லி விதையும்தான் அங்கே ருசி. வடக்கு நைஜீரியாவில் ஹவுசா மக்கள் நிலக்கடலை விழுது தடவிக் காய வைக்கிறார்கள், அது கிலிஷி. நேபாளத்தில் சுகுட்டி. இந்தியாவுக்குள் வந்தால் கேரளத்தில் உணக்க இறைச்சி. மராட்டியத்தின் மராத்வாடா பகுதியில் தலித் வீடுகளில் இதற்குச் 'சான்யா' என்று பெயர். சாஹு பட்டோலே என்ற எழுத்தாளர் அந்தச் சமையலைப் பற்றி மராத்தியில் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2015இல் வெளிவந்தது.

நம்ம ஊரில் உப்புக்கண்டம். கண்டம் என்றால் துண்டு, அவ்ளோதான். ஆட்டுக்கறியிலும் செய்வார்கள், மாட்டுக்கறியிலும் செய்வார்கள். எங்கள் வீட்டில் மாடு.

ஆயா எப்படிப் பண்ணுவாங்க?

எங்க ஊர் குடியாத்தம் பக்கம். பண்டிகைக்கு மாடு அடித்தால் தெருவில் கூறு போட்டுப் பிரிப்பார்கள். ஒரு வீட்டுக்கு வர்ற கூறு ஒரே நாளில் தின்று தீராது. ஃப்ரிட்ஜ் கிடையாது. அன்னிக்குக் குழம்பு வைத்தது போக, மீதி எல்லாம் கண்டம்தான்.

கொழுப்பையும் ஜவ்வையும் முதலில் அரிந்து எடுத்துவிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கொழுப்பு காயாது, சிக்கு நாத்தம் அடிக்கும்"னு ஆயா சொன்னாங்க. அறிவியலும் அதையேதான் சொல்கிறது: தண்ணீர் ஆவியாகிப் போகும், கொழுப்பு போகாது, காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும்.

பிறகு கறியை நீளவாக்கில் நாடா மாதிரி அரிவார்கள். கல்லுப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி. எல்லாம் அம்மியில் அரைத்துப் பிசைந்து, ஒரு ராத்திரி சட்டியில் ஊறும். காலையில் கோணி ஊசியில் சணல் கயிறு கோத்து, கறியைப் பூமாலை மாதிரி கோத்துக் கொல்லையில் கட்டிவிடுவார்கள். பொங்கல் கழிந்து தை, மாசி, பங்குனி, இதுதான் சீசன். காற்றில் ஈரம் இல்லாத வெயில். மூணு நாலு நாள் காயும். சாயங்காலம் ஆனால் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனி இறங்கிவிடும். காக்காய் ஓட்டுவது பிள்ளைகள் வேலை. நான் குச்சியும் கையுமாக முழு லீவும் உட்கார்ந்திருக்கிறேன்.

காய்ந்ததா என்று பார்க்க ஆயா ரெண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவாங்க. விறகு மாதிரி 'டக்'குனு சத்தம் வந்தால் சரி. பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டினால் மழைக்காலத்துக்கு இருக்கும். வெளியே மழை, வேலை இல்லை, கையில் காசு இல்லை. அப்போது நாலு துண்டு எடுத்து மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு. நல்லெண்ணெயில் பொரித்து அம்மியில் நசுக்கினால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

அந்த நாலு துண்டு ஒரு முழு வீட்டுக்கே கறிக் குழம்பு. நாம் ஜிம் பையில் போடுகிற ஸ்நாக்குக்கும் அதற்கும் உள்ள முதல் வித்தியாசம் அதுதான்.

சென்னை மாடி

இப்போ அந்தக் கதையைச் சொல்றேன். எனக்கு எட்டு வயசு இருக்கும். நாங்க சென்னையில வாடகை வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். ஆயா எங்களைப் பார்க்க வந்தப்போ கறி வாங்கி, மொட்டை மாடியில துணிக்கொடிக்குப் பக்கத்துல ஒரு கயிறு கட்டிக் கண்டம் காய வெச்சாங்க. மேல கொசுவலை போட்டு மூடியும் வெச்சாங்க.

ரெண்டாவது நாள் மத்தியானம் வீட்டுக்காரம்மா மேல வந்தாங்க. "இது என்ன கறி?" அம்மா ஒரு நொடி யோசிச்சுட்டு, "ஆட்டுக்கறிங்க"ன்னாங்க. அந்தம்மா நம்பல. வேற எதுவும் கேக்கவும் இல்ல. சாயங்காலம் அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் கீழ கூப்பிட்டுப் பேசினாங்க. அப்பா மேல வந்து எங்ககிட்ட எதுவும் சொல்லல. அம்மா போய்க் கயித்தை அவிழ்த்தாங்க. பாதி காஞ்ச கறி, அதை வெச்சுக்கவும் முடியாது. ராத்திரி ஒரு கறுப்புக் கவர்ல போட்டு, நாலு தெரு தள்ளி இருந்த குப்பைத் தொட்டியில அப்பா போட்டுட்டு வந்தார்.

ஆயா ஒரு வார்த்தை பேசல. மறுநாள் காலையில முதல் பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க சென்னை வீட்ல ஒரு தடவைகூடக் கண்டம் காயல. ஊர்ல இருந்து வந்தா, பொரிச்சு டப்பாவுல போட்டு, பேப்பர் சுத்தித்தான் வரும்.

ஆபீஸ்ல அந்தப் பொண்ணு மொட்டை மாடின்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கறுப்புக் கவர்தான்.

முதல் முயற்சி: பூஞ்சை

சரி, என் கிச்சனுக்கு வருவோம். முதல் தடவை எல்லாத்தையும் தப்பாகச் செய்தேன். உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

தப்பு ஒண்ணு: துண்டு தடிமன். விரல் தடிமனுக்கு வெட்டிவிட்டேன். தப்பு ரெண்டு: என் ஓடிஜி அடுப்பில் குறைந்தபட்சச் சூடே 100 டிகிரி. கதவை மூடி வைத்தேன். ஈரம் போக வழியில்லை. கறியின் மேல்பக்கம் தோல் மாதிரி இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டது. தப்பு மூணு: சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினேன். மூடிக்குள் முத்து முத்தாக வியர்த்தது. அஞ்சாவது நாள் திறந்தால் வெள்ளைப் பூஞ்சை. ஒரு கிலோ கறி குப்பையில்.

திரும்பவும் குப்பை. மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன், ஒரு சின்ன டீஹைட்ரேட்டரும் வாங்கினேன். விசிறி வைத்த நாலு தட்டுப் பெட்டி, அவ்ளோதான். கொல்லைக் காற்று செய்கிற வேலையை அது செய்கிறது.

இப்போ நான் செய்கிற முறை

கறி: தொடைப் பகுதி, எலும்பும் கொழுப்பும் இல்லாமல் ஒரு கிலோ. மாடோ எருமையோ, முறை ஒன்றுதான். எருமையில் கொழுப்பு இன்னும் குறைவு. ஜவ்வை அரிந்து எடுத்துவிட்டு, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாதி இறுகினால் மெல்லிசாக வெட்ட வரும். தடிமன் 5 மில்லிமீட்டர், 6ஐத் தாண்ட வேண்டாம். நார் ஓடுகிற திசையில் வெட்டினால் ரொம்ப நேரம் மெல்ல வேண்டியிருக்கும். நாருக்குக் குறுக்கே வெட்டினால் மெதுவாக இருக்கும்.

ஃப்ளேவர் மூணு சொல்கிறேன். எல்லாம் ஒரு கிலோவுக்கு.

முதலாவது, ஆபீஸ்காரர்களுக்கு: சோயா சாஸ் 4 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், கருப்பட்டித் தூள் 2 டேபிள்ஸ்பூன், கொரகொரப்பாக இடித்த மிளகு 1 டேபிள்ஸ்பூன், நசுக்கிய பூண்டு 10 பல்.

ரெண்டாவது, பில்டாங் வாசனையில்: வினிகர் 4 டேபிள்ஸ்பூன், உப்பு 20 கிராம், வறுத்து இடித்த தனியா 2 டேபிள்ஸ்பூன், மிளகு 2 டீஸ்பூன்.

மூணாவது, ஆயா ஃப்ளேவர்: கல்லுப்பு 25 கிராம், மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 15, ஒரு முழுப் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி. எல்லாம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள்.

பிசைந்து, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. ஃப்ரிட்ஜில்தான், கிச்சன் மேடையில் வேண்டாம்.

அடுத்தது முக்கியமான இடம், கொஞ்சம் கவனிங்க. காய வைப்பதற்கு முன்னாடியே கறியைச் சூடு பண்ண வேண்டும். மாட்டுக்கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் போன பிறகுதான் காய வைக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. நான் செய்வது: ஊறிய மசாலாவோடு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொதி வந்த பிறகு 5 நிமிடம். பிறகு வடிகட்டி, துணியில் ஒற்றி எடுத்துத் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புவேன்.

"எப்படியும் மெஷின் சூடு பண்ணப் போகுதே?" என்று கேட்பீர்கள். மெஷின் சூடு 60, 65 டிகிரிதான். ஈரமான கறி அந்தச் சூட்டை உடனே எட்டாது, ஏன்னா தண்ணீர் ஆவியாகும்போது கறி குளிர்ந்துகொண்டே இருக்கும். கறி சூடேறுகிற நேரத்துக்குள் மேலே இருக்கிற கிருமிகளும் காய்ந்துவிடும். காய்ந்த கிருமி சூட்டைத் தாங்கும். ஈரத்தில் இருக்கும்போதே கொன்றுவிட வேண்டும்.

பிறகு 60லிருந்து 65 டிகிரியில் அஞ்சு, ஆறு மணி நேரம். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். ஒரு துண்டை ஆறவைத்து வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டு நார் தெரிய வேண்டும், ஆனால் ரெண்டாக உடையக் கூடாது. நன்றாக ஆறிய பிறகுதான் டப்பா. ஒரு கிலோ போட்டால் எனக்கு 400 கிராமுக்குள்தான் வருகிறது. கடையில் ஏன் அந்த விலை என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் செய்தது வெளியே வைத்தால் ஒரு மாதம், ரெண்டு மாதம் வரை என்று சொல்வார்கள். சென்னைக் காற்றில் அந்த ரிஸ்க் வேண்டாம், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அப்போ ஆயா செஞ்சது தப்பா?

இந்த 71 டிகிரி கணக்கைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். ஆயா சூடே பண்ணாமல் பச்சையாகத்தானே காய வைத்தாங்க? தலைமுறை தலைமுறையாக எப்படி ஓடியது?

ஊருக்குப் போனபோது ஆயாவை ஒரு கிலோ கறிக்கு உப்பு அள்ளச் சொல்லி, அந்தக் கைப்பிடியை அப்படியே தராசில் போட்டேன். 62 கிராம். என்னுடைய அளவைவிட ரெண்டு மடங்குக்கும் மேலே. உப்பு கறியில் இருந்து தண்ணீரை இழுக்கிறது, மிச்சம் இருக்கிற தண்ணீரும் கிருமிக்குக் கிடைக்காமல் கட்டிப்போடுகிறது. அதோடு, விறகு மாதிரி 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் அவங்க விடுறதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஆயா வீட்டில் கண்டத்தை யாரும் அப்படியே கடித்துச் சாப்பிட்டது கிடையாது. குழம்பில் கொதிக்கும், இல்லாவிட்டால் எண்ணெயில் பொரியும். ஜெர்க்கியைப் பாக்கெட்டில் இருந்து எடுத்து அப்படியே சாப்பிடுகிறோம், அதனால் அடுப்பு முதலில் வருகிறது. உப்புக்கண்டத்தில் அடுப்பு கடைசியில் வருகிறது. ரெண்டிலும் அடுப்பு இருக்கு. ஆயாவுடைய முறையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைச்சல் உப்போடு, ஈரக்காற்றில் காய வைத்து அப்படியே கடித்தால்தான் ஆபத்து. இன்னொண்ணு: சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதித்தாலும் போகாது. அதனால் நாறினாலோ, பிசுபிசுத்தாலோ பொரித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆயாவும் அதைத்தான் செய்வாங்க.

கடைசியா

மூணு ஃப்ளேவரையும் டப்பாவில் போட்டு ஆயாகிட்ட கொண்டு போனேன். அவங்களுக்கு எண்பது வயசு தாண்டிடுச்சு, மெல்லப் பல் இல்லை. உரலில் போட்டு இடிச்சு, ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பார்த்தாங்க. கருப்பட்டி போட்டதுக்கு, "இன்னாடி இது, கறியா மிட்டாயா?" தனியா போட்டதுக்கு, "இது பரவால்ல." அவங்க பேர் வெச்ச ஃப்ளேவருக்கு, "உப்பு பத்தல."

அப்புறம் கேட்டாங்க: "எங்க காய வெச்ச? மாடியிலயா?"

"இல்ல ஆயா. வீட்டுக்குள்ளயே. கரன்ட்ல ஓடுற பெட்டி."

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. "அப்போ யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நல்லதாப் போச்சு"ன்னாங்க.

இருபது வருஷம் ஆச்சு மக்களே. அந்த மாடியைப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசினதே இல்ல. ஆனா ஆயா அதை மறக்கல. என் கண்டம் பாதுகாப்பா காய்ஞ்சதுன்னு நான் பெருமையா சொன்னேன். அவங்களுக்குப் பாதுகாப்புன்னா 71 டிகிரி இல்ல, யார் கண்ணுலயும் படாம இருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை ஒரு டப்பா எடுத்துட்டு ஆபீஸ் போனேன். மேல ஸ்டிக்கர் ஒட்டி எழுதினேன்: 'உப்புக்கண்டம், மாட்டுக்கறி, எங்க ஆயா ஃப்ளேவர்.' ஜெர்க்கின்னு எழுதியிருந்தா பத்து நிமிஷத்துல காலியாகியிருக்கும். இது காலியாக மூணு நாள் ஆச்சு. சிலர் தொடவே இல்ல. அது அவங்க இஷ்டம். அன்னிக்கு முகம் சுளிச்ச பொண்ணு மூணாவது நாள் வந்து ஒரு துண்டு எடுத்தா. தின்னு முடிச்சுட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி, இல்ல?"ன்னா. ஆயாகிட்ட போன்ல சொன்னேன். சிரிச்சாங்க.

உங்க வீட்லயும் யாராவது ஏதாவது காய வெச்சிருப்பாங்க: கருவாடு, வத்தல், வடகம், கண்டம். அளவு எங்கயும் எழுதி இருக்காது, அவங்க கையில இருக்கும். இந்த வாரம் ஒரு போன் போடுங்க. கைப்பிடி எவ்ளோன்னு தராசுல போட்டுப் பாருங்க. அவங்க குரல்லயே வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.

போய் சாப்பிடுங்க.